ரயில் டிக்கெட்டில் ஒரு வரி

(வாசுதேவநல்லூரில் இளைஞர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரயில் இல்லாத ஊரில் ரயிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லதுதான். ரயில் இருக்கிற ஊரில் பேசினால், வண்டி ஏன் லேட் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உங்கள் கைப்பேசியில் பழைய முன்பதிவு டிக்கெட் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று அதில் ஒரு வரி இருக்கும். 2016இல் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்திலும் கணக்குச் சொன்னார்: ஒவ்வொரு பயணிக்கும் 46 விழுக்காடு சலுகை தருகிறோம், ஆண்டுக்கு 56,993 கோடி ரூபாய் ஆகிறது என்று. 60 வயது தாண்டியவர்களுக்கு இருந்த கட்டணக் குறைப்பை 2020 மார்ச்சில் நிறுத்தினார்களே, அதை ஏன் திரும்பத் தரவில்லை என்று யார் கேட்டாலும் இந்தக் கணக்குதான் பதிலாக வருகிறது.

சலுகை என்ற இந்தச் சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? இட ஒதுக்கீடு என்றால் சலுகை. கல்வி உதவித்தொகை என்றால் சலுகை. விடுதியில் போடுகிற சோறு சலுகை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கேட்டு வளர்ந்த சொல் இது. அதே சொல்லைத்தான் இப்போது ஜெனரல் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு திருப்பூருக்குப் போகிறவன் மீதும் ஒட்டுகிறார்கள். உடான் என்று ஒரு திட்டம் இருக்கிறது, 2016இல் வந்தது. சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டால் நிறுவனத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையை அரசு ஏற்பாட்டில் ஈடுகட்டுகிறார்கள், மாநில அரசுகளும் அதில் பங்கு போடுகின்றன. அங்கே அதை வளர்ச்சி என்கிறார்கள்.

வாசுதேவநல்லூருக்கு ஏன் ரயில் இல்லை என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் பகுதியின் பாதையை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து மலை ஏறிக் கொல்லம் போகும் பாதை 1904இல் வந்துவிட்டது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927. அது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை மலையடிவாரத்தை ஒட்டியே வருகிறது. அதற்குப் பிறகு கிழக்கே விலகிச் சங்கரன்கோவில் போய், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசியைத் தொடுகிறது. இடையில் விடுபட்டவை சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. வெள்ளைக்காரன் ஏன் அப்படி வளைத்தான் என்ற கதைக்குள் நான் போகவில்லை. அவன் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகும் ஏன் நேராகவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது.

புளியங்குடி எலுமிச்சை எத்தனையோ ஊருக்குப் போகிறது, லாரியில். பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள். வழக்கென்றால் மதுரை உயர்நீதிமன்றக் கிளை. பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலி. இவர்களெல்லாம் முதலில் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் பஸ் ஏறிச் சங்கரன்கோவில் போய், அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டி கடந்த பிறகு வரும் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பொங்கலும் தீபாவளியும் வந்தால் ஆம்னி பஸ்காரர் சொல்கிற விலைதான் விலை.

சரி, புதுப் பாதை கேட்டால் என்ன நடக்கும்? முதலில் ஆய்வுக்கு ஆணை போடுவார்கள். ஆய்வு முடிந்ததும், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு திரும்பும் என்று பார்ப்பார்கள். வெகுகாலம் 14 விழுக்காடு திரும்ப வேண்டும் என்று வைத்திருந்தார்கள், பிறகு குறைத்தார்கள். பத்து ரூபாய் டிக்கெட் வாங்குகிறவர்கள் வாழும் ஊர் எந்தக் காலத்தில் இந்தக் கணக்கில் தேறும்? தேறாது என்று எழுதி மூட்டை கட்டிவிடுவார்கள். ஆய்வு முடிந்தது என்று தட்டி வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அதற்குள் அடுத்த தேர்தலுக்குப் போயிருப்பார்கள்.

தேறிய பாதைகளின் கதி என்ன? சென்னை–மாமல்லபுரம்–கடலூர், அத்திப்பட்டு–புத்தூர், ஈரோடு–பழனி. இவற்றுக்கெல்லாம் ஆண்டு ஒதுக்கீடாக ஆயிரம் ரூபாய் போட்ட வருடங்கள் உண்டு. ஆயிரம் கோடி என்று காதில் விழுந்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வெறும் ஆயிரம் ரூபாய். திட்டத்தைக் கைவிட்டோம் என்று சொல்லாமலிருக்க அந்த ஆயிரம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 143 கிலோமீட்டர் பாதை 2011-12இல் ஒப்புதலானது. மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் முடிந்தது. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர், தமிழ்நாடு அரசு வேண்டாம் என்றதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாகச் சொன்னார். நாங்கள் எங்கே அப்படிச் சொன்னோம் என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் கேட்டார். பிறகு, அமைச்சர் சொன்னது தனுஷ்கோடிப் பாதையைப் பற்றி, இரைச்சலில் கேள்வி மாறிக் கேட்டுவிட்டது என்று ரயில்வே விளக்கம் தந்தது. பதினாலு வருடமாகக் கிடக்கும் ஒரு பாதை உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்பதே இரைச்சலில் குழம்பிப் போகிற அளவில் இருக்கிறது!

இப்படி ஆவதற்கு ஒரு அடிப்படை உண்டு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலில் 22ஆவது இனம். மாநிலத்துக்குச் சாலை உண்டு, பாலம் உண்டு, நகராட்சி டிராம் வண்டிகூட உண்டு, ரயில் கிடையாது. ஆனால் நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநிலத்தின் வருவாய்த் துறை. இப்போது பாதிச் செலவையும் கொடு என்கிறார்கள். கர்நாடகம் பல பாதைகளுக்கு நிலமும் கொடுத்துப் பாதிப் பணமும் கொடுக்கிறது. கேரளத்தில் அங்கமாலி–எருமேலி சபரி பாதை 1997-98இல் ஒப்புதலாகி, பாதி யார் தருவது என்ற சண்டையிலேயே தலைமுறை கழிந்தது. பாதிப் பணம் நம்முடையது, நிலம் நம்முடையது, ஆனால் எந்த ஊரில் வண்டி நிற்க வேண்டும் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அதற்குள் பழைய ரயில்வே பட்ஜெட்டும் போய்விட்டது. 2017இல் அதைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரயிலுக்கென்று மட்டும் நாடாளுமன்றம் உட்கார்ந்து பேசிய அந்த நாள் இப்போது இல்லை.

2025-26இல் தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி ஒதுக்கினோம், 2009-14இல் ஆண்டுச் சராசரி 879 கோடிதான் என்கிறது ஒன்றிய அரசு. எண் சரிதான். ஆனால் ரயில்வேயின் மொத்த மூலதனச் செலவே இப்போது 2,52,000 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் நம் பங்கு மூன்று விழுக்காடுகூட இல்லை. பெட்டியும் என்ஜினும் வாங்கும் பணமும் அந்த மொத்தத்தில் சேர்ந்ததுதான், ஒத்துக்கொள்வோம். தேவையான நிலத்தில் ஏறத்தாழ கால்பங்குதான் மாநிலம் எடுத்துக் கொடுத்திருக்கிறது என்ற அவர்களின் குற்றச்சாட்டையும் தட்டிக்கழித்துவிட முடியாது. நிலம் கையில் இல்லாமல் பணம் மட்டும் வந்து என்ன செய்யும்?

இதுவரை டெல்லியைத் திட்டியது சுலபமாக இருந்தது. இனி சென்னையைப் பார்ப்போம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாரத்தை மாநிலம் தன் தோளில் சுமந்தது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்கள் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று திரும்பி வந்தன. கோபப்பட வேண்டிய விஷயம்தான், கோபப்பட்டோம். ஆனால் 2025-26 மாநில பட்ஜெட்டில் அதிவேக மண்டல ரயிலுக்கு ஆய்வு செய்யப் போவதாகச் சொன்ன மூன்று தடங்கள் எவை? சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம். மதுரைக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. ஆள் நிறைய இருக்கிற இடத்துக்கு, பணம் புரளுகிற இடத்துக்கு முதலில் என்ற டெல்லியின் கணக்கையே சென்னையும் போடுகிறது. டெல்லி நம்மை 20 லட்சம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் மாநில உரிமை பேசுகிற நாம், தென்காசி அந்தப் பட்டியலில் இல்லாததைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

இங்கேதான் சாதி வருகிறது. தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் மூன்றும் தனித்தொகுதிகள். 1932 பூனா ஒப்பந்தத்தின் வழியில் வந்த ஏற்பாடு இது. நம்மவர் நிற்பார், எல்லோரும் வாக்களிப்பார்கள், சீட்டுக் கொடுப்பது கட்சி. அம்பேத்கர் பின்னாளில் இதன் மீது வைத்த குற்றச்சாட்டே, இப்படி வருகிறவர் தன் மக்களைவிடத் தன் கட்சிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான். ரயில் கேட்பதென்றால் நிதி அமைச்சகத்தில், ரயில்வே வாரியத்தில், சொந்தக் கட்சித் தலைமையில் மேசையைத் தட்ட வேண்டும். தனித்தொகுதி உறுப்பினர் தட்டினால் எத்தனை பேர் காது கொடுப்பார்கள்? இது தனி ஒருவரின் திறமையைப் பற்றிய பேச்சில்லை. எந்தக் கட்சியிலிருந்து யார் வந்தாலும் அந்த நாற்காலியின் உயரம் அவ்வளவுதான்.

பஸ் இருக்கிறதே, ரயில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1997ஐ நினைவுபடுத்துகிறேன். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தது அன்றைய அரசு. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது தெரியுமா? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைப் பொறுக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரும் போனது. காலனி நிறுத்தத்தில் கை காட்டினால் நிற்காத பஸ் இன்றைக்கும் உண்டா இல்லையா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் விடாமல் போராடி 1941இல்தான் அது ஒழிந்தது. தண்டவாளத்தில் விழுந்த மலத்தைத் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும். 1938இல் மன்மாட்டில் தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசும்போதுதான் அம்பேத்கர் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் தொழிலாளியின் எதிரிகளாகச் சொன்னார். ஆனாலும் ஒன்று உண்டு. ரயில் நிறுத்தத்தை ஓட்டுநரும் நடத்துநரும் ஊர்ப் பெரியவரும் சேர்ந்து முடிவு செய்ய முடியாது. அட்டவணையில் நிற்கும் என்று இருந்தால் நின்றே தீர வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அட்டவணை பெரிய விஷயம்.

அந்த அட்டவணையிலும் கை வைத்தார்கள். கொரோனாவில் பயணிகள் ரயில்களை நிறுத்தி, பிறகு எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். அதே பெட்டி, அதே வேகம், அதே நிறுத்தம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரி கடைசியில்தான், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, பழைய கட்டணம் திரும்பியது. நான்கு வருடமாகப் பிடுங்கிய அந்த இருபது ரூபாயை எந்த டிக்கெட்டிலும் ஒரு வரியாக அச்சிடவில்லை.

என்ன கேட்கலாம்? சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகப் பாதை என்பது நீண்ட காலக் கோரிக்கையாகத்தான் இருக்க முடியும். அதை வைத்துக்கொண்டே, இருக்கிற விருதுநகர்–தென்காசிப் பாதையில் காலையும் மாலையும் முன்பதிவில்லாத பயணிகள் ரயில், பழைய கட்டணத்தில் கேட்போம். எல்லா நீண்டதூர வண்டியிலும் கூடுதல் ஜெனரல் பெட்டி கேட்போம். இவை டெல்லிக்கு.

சென்னைக்கு வேறு. பஸ் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை. அந்தப் பணத்தை அரசு கழகங்களுக்குத் தருகிறது. வருவாய் வராத பயணத்துக்கும் அரசு பணம் போட முடியும் என்று அதன் மூலம் இந்த மாநிலமே காட்டியிருக்கிறது. அப்படியானால் சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை நிலையங்களில் வண்டி வரும் நேரத்துக்கு, காலனி நிறுத்தங்களில் நின்று போகும்படி இங்கிருந்து நகரப் பேருந்து விட என்ன தடை? இதற்கு ரயில்வே வாரியத்தின் கையெழுத்து வேண்டியதில்லை. நாளைக்கே புதுப் பாதைக்கு நிலம் எடுக்க வந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டா வைத்திருப்பவனுக்கு இழப்பீடு போகும். அந்த வயலில் கூலி வேலை செய்தவளுக்கும் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுக்கும் என்ன என்பதை அளவுக்கல் நடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மாநில சுயாட்சி பற்றிப் பரிந்துரைக்க 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒரு குழுவை மாநில அரசு அமைத்தது. சுயாட்சி என்றால் கல்வி, மருத்துவம், வரி என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பயணிகள் ரயிலை எங்கே நிறுத்துவது, என்ன கட்டணம் என்பதில் மாநிலத்துக்கும் குரல் வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

போகும்போது வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் எந்த ஊருக்கு, எதற்காக ரயில் பிடிக்கப் போனீர்கள், சங்கரன்கோவிலுக்கு எதில் போனீர்கள், எவ்வளவு செலவானது, வண்டி கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், தெருப் பெயர் போதும். ஆய்வு என்ற பெயரில் அவர்கள் நம் ஊரை எண்ணுவதற்கு முன்னால், நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும். வீட்டில் அம்மா, அப்பத்தா எழுத முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நீங்களே எழுதுங்கள்.