கடலுக்கடியில் ஒரு நாட்டான்
(வாசகசாலை ஒன்றில் செய்த சொற்பொழிவு)



பிள்ளைகள் கையில் யந்திரக் கதையைக் கண்டால் பெரியவர்கள் சிலர் பிடுங்கி வைக்கிறார்கள். புராணம் படித்தால் மாத்திரம் புண்ணியமாம்! புஷ்பக விமானத்தை நம்பச் சொல்லுகிறவர்கள் இதைப் பொய் என்கிறார்கள். பொய்தான். ஆனால் எழுதினவன் நம்பச் சொல்லவில்லை. மின்சாரத்தால் கப்பல் எப்படி ஓடும் என்று கணக்குச் சொன்னான்.

பிரெஞ்சுக்காரர் ஜூல்ஸ் வெர்ன் 1870-ல் முடித்த அந்தக் கதை, இன்று 'ஸ்டீம்பங்க்' என்று இளைஞர் படிக்கும் கதைகளுக்கெல்லாம் மூதாதை. அதில் நெமோ என்னும் கப்பல் தலைவன், இலங்கைக் கடலில் ஒரு ஏழை முத்துக் குளிப்பவனுக்காகச் சுறாவோடு மோதி, பை நிறைய முத்தும் கொடுக்கிறான். ஏனென்று கேட்டால், அவன் ஒடுக்கப்பட்டோர் நாட்டான், நானும் அந்நாட்டானே என்கிறான். 1875-ல் முடிந்த மற்றொரு கதையில் இவன் புந்தேல்கண்டு இளவரசன், 1857 கலகத்தில் தோற்றவன் என்று தெரிகிறது.

இங்கேதான் ஆசிரியரோடு எனக்கு வழக்கு. ஒடுக்கப்பட்டவனுக்காகப் பேச ராஜாமகன்தானா கிடைத்தான்? நமது முப்பாட்டிமாருக்கு இழக்க ராஜ்யம் ஏது? 1859 வரை மேல்சீலைக்கே போராடினார்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க 1926-ல் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. கோயிலுக்குள் விட 1936 ஆயிற்று. பிறந்த மண்ணிலேயே அந்நியர்!

ஆனாலும் முத்துக் குளிப்பவனிடம் நெமோ ஜாதி கேட்கவில்லை. பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். இவ்வாசகசாலைக்கு இரண்டு பிரதி நான் வாங்கித் தருகிறேன். ஒன்றைப் பெண் பிள்ளைகளுக்கென்று எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பையன்கள் விடமாட்டார்கள்.