பன்னிரண்டு எழுத்து

மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் 'அவர்களே, அவர்களே' என்று விளிக்க எனக்கும் ஆசைதான். விளித்து முடிப்பதற்குள் முன்வரிசை டீக்கடைக்கு எழுந்து போய்விடும். விட்டுவிடுகிறேன்.

கேட்பவர் மனம் அசையும்படி பேசுவது எப்படி என்று, பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்கள். நான் தோற்ற கதையை முதலில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பொதட்டூர்ப்பேட்டையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், சின்ன நூலகம் ஒன்றுக்காகப் பேசப் போனேன். நாற்பது நிமிடம்! சங்க காலத்துக்குள் போனவன் திரும்பி வரவே இல்லை. கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். தலைமுடியில் நூல் பஞ்சு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "நல்லாத்தான் பேசுன தம்பி. இப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்றார்.

ஆளுக்கு ஒரு ரூபாய் கேட்கத்தான் போயிருந்தேன். அதைத்தான் சொல்லவில்லை.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு விடையோடு மேடையேறியவர், வடக்கெல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் எடுத்து அடுக்கியவருக்கு, வீண் எழுத்து எது என்று தெரியாமல் போகுமா? தமிழகத்தின் வடக்கெல்லையாக வேங்கடம் என்னும் திருப்பதி மலையைக் கேட்டு அவருடைய தமிழரசுக் கழகம் எழுப்பிய முழக்கத்தை எண்ணிப் பாருங்கள்: 'வேங்கடத்தை விடமாட்டோம்.' பன்னிரண்டே எழுத்து. இந்தத் திருத்தணி மலைமேல் நிற்கிற ஆறுமுகனுக்குக் கையும் பன்னிரண்டு. கணக்குச் சரியாக இருக்கிறது.

'வேங்கடம் வேண்டும்' என்றால் அது மனு. 'வேங்கடம் நமதே' என்றால் பெருமை. வீட்டில் படுத்துக்கொண்டே பெருமைப்படலாம். 'விடமாட்டோம்' என்று ஒருவன் வாய் திறந்துவிட்டால், வேலை அவன் தலையில் ஏறிவிட்டது. பேசியவர் ஊருக்குப் போன பிறகும் அது இறங்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்தது தரிசில் அல்ல. ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மங்கலங்கிழார் உழுது வைத்த நிலம் இது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. போராட்டம், சிறை எல்லாம் நடந்தன. ஆனால் எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் முன்னால் முழக்கம் செல்லாது. கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம், அடுத்த கிராமத்தோடு நிலம் தொடர்கிறதா என்று பார்த்தார். தெருவுக்கு ஒரு பேச்சு, அவருக்கு வேறு பேச்சு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்தது, வேங்கடம் வரவில்லை. பேச்சால் எவ்வளவு முடியும் என்பதை இந்த ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் எது?

இதே மண்ணில் பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு வேறொரு சோதனை வந்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு, அரசியல் நிர்ணய சபையில் உறுதிமொழி எடுக்கச் சரியாகப் பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும். அதற்கு முன் பேசிய கடைசி ஆள் அவர். ஒரு கண் அவையில், ஒரு கண் கடிகாரத்தில். நமக்கு அந்தக் கவலை இல்லை. அவைத் தலைவர் துண்டுச் சீட்டு நீட்டிவிட்டார்.

ஆகவே, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். போட்டிக்கு வருகிற பிள்ளைகளே, பேச்சைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்காதீர்கள். உங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவோ, தறி ஓட்டும் மாமாவோ, யாராவது ஒருவரிடம் சொல்லிக்காட்டிவிட்டு வாருங்கள். நடுவர் வரிசையில் நான் இருப்பேன். யாரிடம் சொன்னாய், அவர் என்ன கேட்டார் என்பதுதான் என் முதல் கேள்வி.