குடற்புழுவும் பெருங்குடற் புற்றும்



நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் உடல்நலம் குறித்து உரையாற்றப் பணித்தமைக்கு நன்றி கூறுகின்றோம். கல்வி விழாவில் குடற்புழுவைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். உண்ட சோற்றின் சத்தையும் உடலின் குருதியையும் புழு கொள்ளை கொண்டால், வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆகவே இதுவும் கல்விப் பொருளே.

வயிற்றில் பூச்சி இருந்தால் நாளடைவில் குடலில் புற்று வைக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். மலத்தில் குருதி கண்டாலும் அது பூச்சிதான், மூலந்தான் என்று வேறு சிலர் வாளாவிருக்கின்றனர். முன்னது பெரும்பாலும் வீண் அச்சம். பின்னதோ உயிருக்கே கேடு. இரண்டையும் ஆராய்வோம்.

புழுவுக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா பழையது. டென்மார்க் நாட்டு அறிஞர் யொகானஸ் ஃபிபிகர், எலிகளின் இரைப்பையில் ஒருவகைப் புழு புற்றை விளைவிக்கிறது என்று 1913-ஆம் ஆண்டு அறிவித்தார். 1926-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது. பின்வந்த ஆய்வாளர்களோ, அக்கட்டிகள் உண்மையான புற்றல்ல என்றும், எலிகளின் உணவில் உயிர்ச்சத்து 'ஏ' குறைந்ததே அவற்றுக்குப் பெருங்காரணம் என்றும் காட்டினர். பெரும் பரிசு பெற்ற கருத்தாயினும் ஆய்ந்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இது சான்று.

அதற்காக, எப்புழுவும் புற்றை விளைவிக்காது என்று கூறிவிடவும் இயலாது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் ஆற்று மீனைப் பச்சையாக உண்போரின் ஈரலில் ஒரு தட்டைப்புழு குடியேறுகிறது; அது பித்த நாளத்தில் புற்றை விளைவிக்கிறது. எகிப்து முதலிய நாடுகளில் நத்தை வாழும் நீரில் இறங்குவோரின் தோல்வழிப் புகும் ஓர் இரத்தப்புழு, சிறுநீர்ப்பையில் புற்றை விளைவிக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்விரண்டையும் 1994-இல் உறுதியான புற்றுக்காரணிகளாக அறிவித்தது. சீனத்திலும் பிலிப்பைன்சிலும் காணப்படும் மற்றோர் இரத்தப்புழுவின் முட்டைகள் பெருங்குடலின் சுவரில் தங்கிப் பல்லாண்டு புண்ணை உண்டாக்குகின்றன. அப்புழுவையும் பெருங்குடற் புற்றையும் இணைத்துப் பேசும் ஆய்வுகள் சீனத்தில் நடந்துள்ளன. எனினும் முகமை அதனை 'இருக்கக்கூடும்' என்ற வரிசையிலேயே வைத்தது.

நம் பிள்ளைகளின் வயிற்றில் காணப்படுவன இவையல்ல. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரைப்பூச்சி ஆகியனவே. இவை பெருங்குடற் புற்றை உண்டாக்கும் என்பதற்கு மெய்ப்பிக்கப்பட்ட சான்று இல்லை. முதுமை, குடும்ப வழி, குடலில் தோன்றும் சிறு தசைமொட்டுகள், புகை, மது, மிகுபருமன், பதப்படுத்திய இறைச்சி ஆகியனவே அந்நோயின் அறியப்பட்ட காரணங்கள்.

அவ்வாறாயின் குடற்புழு தீங்கற்றதா? அன்று. கொக்கிப்புழு மலம் கலந்த ஈர மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, சிறுகுடலில் கவ்விக் குருதி குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது சிறிதே. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் உடல் வெளிறும், மூச்சு வாங்கும், கை கால் ஓயும். அமெரிக்காவின் தென்மாநில ஏழை மக்களைச் சோம்பேறிகள் என்று பிறர் ஏசி வந்தனர். அவர்களது தளர்ச்சிக்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று சார்லசு ஸ்டைல்சு என்னும் அறிஞர் 1902-இல் விளக்கினார். உழைத்து ஓய்ந்த உடலைச் சோம்பல் என்று பழிக்கும் வழக்கத்தை நாமும் நன்கு அறிவோம்.

இங்கேதான் இளைஞர்கள் கூர்ந்து கேட்கவேண்டும். கொக்கிப்புழுவால் இரத்தச்சோகை வரும்; பெருங்குடற் புற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் குருதி கசிந்து அதே சோகை வரும். வெளித்தோற்றம் ஒன்று, நோய் இரண்டு. வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய தந்தையார் காரணமின்றி வெளிறினாலோ, மெலிந்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, மலம் கழியும் முறை சில வாரங்களாக மாறியிருந்தாலோ, பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு அமைதியுறாதீர். இளையோர்க்கும் இவ்வறிகுறிகள் நீடித்தால் அவ்வாறே. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மலச் சோதனையும், தேவையாயின் குடலைக் குழாய் வழிப் பார்க்கும் சோதனையும் செய்யக் கேளுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் அறுவை மருத்துவத்தால் குணப்படுத்தக்கூடிய நோய் அது. நாணத்தால் மறைத்து, முற்றிய பின் செல்வதே அதனைக் கொடியதாக்குகிறது.

பிள்ளைகளுக்கு வழி எளிது. 2015-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின்கீழ் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோர்க்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. இதனைத் தவறவிடலாகாது. காலில் செருப்பு, சோப்பிட்டுக் கழுவிய கை, நகம் வெட்டிய விரல், காய்ச்சிய நீர் ஆகியவை மாத்திரைக்குத் துணை.

ஆயினும் மாத்திரை மட்டும் போதாது. மண்ணில் மலம் கிடக்கும்வரை புழு மீண்டும் வரும். கழிப்பிடமும் குழாய்நீரும் இல்லாத குடியிருப்பில் வாழ்வோரைத் தூய்மையற்றவர் என்று பழிப்பது அறமாகாது. அவற்றை அளிக்காதது யார் என்றே வினவவேண்டும். 1927-இல் மகத் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அருந்தியது, நீர் எல்லோர்க்கும் பொது என்று நிலைநாட்டவே. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் இயற்றப்பட்டன. இன்றும் நச்சுத் தொட்டியில் இறங்கி மாள்வோர் செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. புழுவின் முட்டை முதலில் ஒட்டுவதும் அக்கைகளிலேதான்.

எனவே, இளைஞர்களே! உங்கள் தெருவில் கழிப்பிடம் இல்லாத வீடுகளையும், மாத்திரை பெறாத பிள்ளைகளையும், சோகையால் வாடும் பெரியோரையும் கணக்கெடுங்கள். அக்கணக்கோடு ஊராட்சியின் வாயிலிலும் மருத்துவமனையின் வாயிலிலும் நில்லுங்கள். கழகம் தந்த கல்வி அவ்விடத்தில் பயன்படட்டும்.