கேட்கப்படாத கடல்

(இராமேசுவரம் மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அட்லாண்டிக் கடலிலே ஒரு தீவு. நியூபவுண்ட்லாந்து என்பது அதன் பெயர். நம்மைப் போலவே மீனை நம்பிய மக்கள்; கடலே அவர்கட்குக் கழனி, கடலே களஞ்சியம்! கனடாவோடு இணைவதா, தன்னாட்சி பெறுவதா, இருந்தபடியே இருப்பதா என்ற கேள்வி பிறந்தது. 1948 ஜூன் 3இல் மக்களைக் கேட்டனர். எத்தரப்பும் பாதியை எட்டவில்லை. ஜூலை 22இல் மீண்டும் கேட்டனர். இணைப்புக்கு 78,323 வாக்கு, தன்னாட்சிக்கு 71,334. ஏழாயிரம் வாக்கிலே ஒரு தீவின் எதிர்காலம்! 1949 மார்ச் 31இல் அது கனடாவின் மாநிலமாயிற்று. தோற்றவனும் வாக்களித்துத்தான் தோற்றான்.

அயல்நாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். அதே 1948 பிப்ரவரியில் நம் ஜூனாகத்திலும் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 1,90,779, பாகிஸ்தானுக்கு 91.

இனிக் கச்சத்தீவுக்கு வருகிறேன். 285 ஏக்கர். இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் உரிமையைக் காட்டி நாம் வாதாடிய தீவு. 1974 ஜூனில் இரு நாட்டுப் பிரதமர்கள், இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர்; தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது.

"குடியில்லாத் தீவிலே யாரிடம் வாக்குக் கேட்பது?" என்பர். குடியில்லை, மெய்தான், அந்தோணியார் கோயில் மட்டுமே உண்டு. ஆனால் அங்கே வலை உலர்த்தியவன் இக்கரையிலே குடியிருந்தானே! அவனைக் கேட்டதுண்டா?

1960இல் பெருபாரி விவகாரத்தில், நிலத்தை அயல்நாட்டுக்கு அளிக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். கச்சத்தீவுக்கு அதுவும் இல்லை. தகராறான எல்லையைத் தீர்த்தோமேயன்றிக் கொடுக்கவில்லை என்றது டில்லி. 1974 ஆகஸ்ட் 21இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, டில்லி அசையவில்லை. 1976இல் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்றன. அதன்பின் எத்தனை சிறை, எத்தனை சாவு!

ஒன்றை மறவாதீர்! அக்கரையில் வலை வீசுபவனும் தமிழன். நம் இழுவைமடி அவன் வலையை அறுத்தால் அவன் அடுப்பும் அணையும். அவனையும் எவரும் கேட்கவில்லை.

போர் கேட்கவில்லை நாம். கடலைப் பற்றிப் பேசும் மேசையிலே இரு கரை மீனவர்க்கும் இடம் கேட்கிறோம். கேட்காமல் போட்ட கோடு கடலில் நிற்காது. கேட்டுப் போட்ட கோடே நிலைக்கும்!