மேற்கோள் கணக்கும் கருவிழிப் புண்ணும்



இன்று பட்டம் பெறும் இளம் கண் மருத்துவர்களே, பார்வை அறிவியல் ஆய்வாளர்களே, உங்களில் பலர் நாளையிலிருந்து நோயாளிகளைப் பார்க்கப் போவீர்கள். சிலர் கல்லூரியிலேயே தங்கிப் பாடம் நடத்துவீர்கள், ஆராய்ச்சி செய்வீர்கள். அப்படித் தங்குகிறவர்களின் பெயரோடு ஒரு எண் ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு விண்ணப்பித்தால் அதைக் கேட்பார்கள். பதவி உயர்வுக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் அதையே கேட்பார்கள். தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பதாரரின் கட்டுரையை ஒருவரும் திறந்து பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது. அது எனக்குக் கவலை தருகிறது. அதனால்தான் இன்றைய நாளில் இதைப் பேசத் துணிந்தேன்.

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் அந்த எண்ணுக்கான ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். நீங்கள் எழுதியவற்றில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் ஹெச்-இண்டெக்ஸ் 20. ஒரே ஒரு பெயர்பெற்ற கட்டுரையை வைத்துக்கொண்டு இதை உயர்த்த முடியாது. யாரும் படிக்காத நூறு கட்டுரைகளை எழுதிக் குவித்தாலும் உயராது. அந்த வகையில் நியாயமான கணக்குதான். ஆனால் அது ஏறுமே தவிர இறங்காது. வயது ஆக ஆக அதுவும் கூடும். கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் இருந்தாலும் பதினேழாவதாக இருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அமெரிக்கக் கல்லூரிகளில் பணியாற்றும் 1460 கண் மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் ஆண்களின் எண் பெண்களுடையதைவிட உயர்ந்திருந்தது. பணிக்காலத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, தொடக்க ஆண்டுகளில் பின்தங்கும் பெண்கள் பிந்தைய ஆண்டுகளில் அந்த இடைவெளியை ஈடுகட்டுவது தெரிந்தது. பணியின் பத்தாம் ஆண்டில் எண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்தும் குழு, இருபதாம் ஆண்டில் வரவிருந்த வேலையை இழக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் பெண்களும், நாளை அவர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் துறையின் அளவு. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுகிறார்கள். கண் மருத்துவம் சிறிய துறை. அதற்குள்ளும் விழித்திரை நரம்பணுக்களை ஆராய்பவரை மூளை ஆய்வாளர்களும் படிப்பார்கள். மாறுகண் அறுவை சிகிச்சை பற்றி எழுதுபவரை மாறுகண் நிபுணர்கள்தான் படிப்பார்கள். இந்த இருவரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ஆற்றுப் பாசன நிலத்தின் விளைச்சலை மானாவாரி நிலத்தோடு ஒப்பிடுவது போல. இதைச் சரிசெய்ய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 2016-ல் ஆர்.சி.ஆர். என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். உங்கள் கட்டுரை வேறு கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் யார் யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, அந்தக் கூட்டத்தையே உங்கள் துறையாக எடுத்துக்கொள்கிறது அது. அந்த நிறுவனங்களின் நிதியில் வெளியான கட்டுரைகளின் நடுமதிப்பை 1 என்று வைத்து, உங்களுடையது அதற்கு எத்தனை மடங்கு என்று சொல்கிறது. ஐசைட் என்ற இணையக் கருவியில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கணக்கைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதுவும் மேற்கோளைத்தான் எண்ணுகிறது.

மேற்கோள் எண்ணிக்கைக்குள் அடங்காத ஒன்றை நம் மண்ணிலிருந்தே சொல்கிறேன். கருவிழிப் புண். நெல் அறுக்கும்போது தாள் கீறும், கரும்புச் சோகை குத்தும், தூசி விழும். இரண்டு நாளில் கண் சிவந்து வெள்ளை படரும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு இது வருகிறது என்று 1996-ல் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் கண்டதைப் போல அது பத்து மடங்கு. மதுரையில் 434 நோயாளிகளைப் பார்த்து 1997-ல் வெளியான ஆய்வில், கிருமி வளர்ந்த புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சரிபாதி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, ஸ்லைடில் தேய்த்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, கவர்ஸ்லிப் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். பூஞ்சையாக இருந்தால் கிளைவிட்ட இழைகள் தெளிவாகத் தெரியும். தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, எந்தச் சொட்டு மருந்து?

நாடமைசின் பழைய மருந்து. வோரிகோனசோல் புதியது, விலை கூடியது, கருவிழிக்குள் நன்றாக ஊடுருவும். அதனால் புதியதே மேல் என்று பலர் எழுதிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் புராக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013-ல் முடிவை வெளியிட்டன. நாடமைசின் போட்டவர்களுக்கு மூன்று மாத முடிவில் பார்வை மேலாக இருந்தது. கருவிழியில் ஓட்டை விழுவதும், அவசரமாகக் கருவிழி மாற்றிப் பொருத்துவதும் குறைந்தன. ஃபுசேரியம் என்ற பூஞ்சையில்தான் வித்தியாசம் மிகத் தெளிவு. நம் வயல்வெளிகளில் அதிகம் காண்பதும் அதுதான். 2017-ல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாடமைசின் சொட்டு மருந்து இடம்பெற்றது. இப்போது நினைத்துப் பாருங்கள். தாலுகா மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் இந்த முடிவைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டில் ஒரு வரியை மாற்றி எழுதுகிறார். அவர் கட்டுரை எழுதுபவர் இல்லை, எதையும் மேற்கோள் காட்டப்போவதும் இல்லை. காப்பாற்றப்பட்ட அந்தக் கண் எந்த எண்ணிலும் ஏறாது. நுண்ணோக்கியில் அந்த இழையைக் கண்ட ஆய்வகத் தொழில்நுட்பரும் ஏறமாட்டார்.

காலமும் இந்தக் கணக்கைக் குழப்பும். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஹாரல்ட் ரிட்லி ஒரு நோயாளியின் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் சிக்கிய விமானக் கண்ணாடித் துண்டுகள், அந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக், கண்ணைப் பெரிதாக உறுத்தாமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார். அவர் நாட்டின் மூத்த கண் மருத்துவர்களே எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் அவர் ஒதுக்கிவைக்கப்பட்டார். 1955-ல் ஒரு பதவி உயர்வுக் குழு அவர் எண்ணைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் இந்த லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கி விலையைப் பல மடங்கு குறைத்தது. இன்று கண்புரை அறுவை சிகிச்சை என்றாலே லென்ஸ் வைப்பதுதான். அதைச் செய்கிற எவரும் ரிட்லியின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. பார்வையை 6/6 என்று எழுதும்போது 1862-ல் அந்த எழுத்துப் பலகையைத் தந்த ஸ்நெல்லனையும் காட்டுவதில்லை. ஓர் ஆய்வு அன்றாட வேலைக்குள் முழுதாகக் கரைந்துபோகும்போது அதன் மேற்கோள் நின்றுவிடுகிறது.

இவ்வளவும் சொல்வதால் அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவு இல்லாத இடத்தில் சிபாரிசு வந்து உட்காரும். அதையும் பார்த்திருக்கிறேன். எண் இருக்கட்டும், ஆனால் துறைக்கும் வயதுக்கும் ஏற்பப் படிக்கப்பட வேண்டும். இதழின் சராசரி மேற்கோள் எண்ணிக்கையான இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து அதில் எழுதியவரை மதிப்பிடக் கூடாது என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் அறிக்கை எழுதி, அது டோரா என்ற பெயரில் மறு ஆண்டு வெளிவந்தது. நம் கல்லூரிகளும் அதை நடைமுறையில் கொண்டுவர வேண்டும். துணைவேந்தர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூடுதலாக விடுங்கள். விண்ணப்பதாரர் தன் ஆய்வுகளில் மூன்றை மட்டும் எடுத்து, அதனால் எந்தச் சிகிச்சை மாறியது, எந்த மருந்து விலை குறைந்தது, எந்தத் தவறான பழக்கம் நின்றது என்று எழுதட்டும். குழுவில் இருப்பவர்கள் அந்த மூன்றையும் படித்துவிட்டு வரட்டும்.

பட்டதாரிகளே, கருவிழிப் புண்ணில் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. ஆழமாக இறங்கிய பூஞ்சைப் புண்ணுக்கு நாடமைசின் போதவில்லை. வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2016-ல் வெளியானது. மொத்தத்தில் பயன் தெரியவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அந்த முடிவும் பலருக்கு வீண் செலவை மிச்சம் பிடித்தது. ஆனால் அப்படிப்பட்ட புண்ணோடு வருபவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உங்களில் சிலர் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை உங்கள் எண் மெதுவாகத்தான் ஏறும். உங்கள் துறைத் தலைவர்கள் அதற்குப் பொறுத்திருக்க வேண்டும்.