நடுவில் நடந்தது: டியாவோலோ என்னும் தலைவன்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பஸ்ஸியோனே என்றொரு கும்பல். அதன் தலைவனுடைய பெயரோ முகமோ அவனுக்காகக் கொலை செய்கிறவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளக் கிளம்பினார்கள் இருவர். அவர்களில் ஒருவனுடைய உடல் 36 துண்டுகளாக, ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டமிட்டு, கூட்டாளிகளுக்குப் பார்சலில் வந்து சேர்ந்தது. வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் அது யாரென்று புரிந்தது.

நினைவுச் சொற்பொழிவு மேடையில் சித்திரக்கதை வில்லனுக்கு என்ன வேலை என்று முணுமுணுப்பு எழலாம். எழட்டும். அதிகாரம் எப்படித் தன்னை மறைத்துக்கொண்டு ஆள்கிறது என்பதை டியாவோலோ அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய பாத்திரங்கள் கனமான நாவல்களிலும் அதிகமில்லை.

அவனைப் படைத்த ஹிரோஹிகோ அராகி 1960-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் பிறந்தவர். ‘ஜோஜோஸ் பிசார் அட்வெஞ்சர்’ தொடரை 1987-இல் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடங்கினார். டியாவோலோ வருவது 1995 முதல் 1999 வரை வெளியான ஐந்தாம் பாகத்தில். கதை நடக்கும் ஆண்டு 2001. பின்னர் 2018-19-இல் அது 39 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும் வந்தது.

இந்தத் தொடரில் ஒருவரின் உள்ளாற்றல் உருவமெடுத்து அருகே நிற்கும். அதற்கு ஸ்டாண்ட் என்று பெயர். டியாவோலோவின் ஸ்டாண்ட் கிங் கிரிம்சன். அராகி மேற்கத்திய இசையில் ஊறியவர் என்பதால், 1969-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ஆங்கிலேய ராக் குழுவின் பெயர் அப்படியே வில்லனுக்கு வந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் உள்ள ‘எபிடாஃப்’ என்ற பாட்டின் பெயர் அவனுடைய இன்னொரு சக்திக்கு. எபிடாஃப் சில விநாடிகள் முன்னால் நடக்கப்போவதைக் காட்டும். கிங் கிரிம்சன் அந்தச் சில விநாடிகளை எல்லோருடைய அனுபவத்திலிருந்தும் வெட்டி எடுத்துவிடும். நேரம் ஓடும், காரியம் நடக்கும், நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. மிஞ்சுவது முடிவு.

வெனிஸில் சான் ஜியார்ஜியோ மஜ்ஜோரே தேவாலயக் காட்சியைப் பார்த்தால் இது விளங்கும். தலைவனின் மகள் ட்ரிஷை அவனிடம் ஒப்படைக்க அழைத்துவருகிறான் கும்பலைச் சேர்ந்த புச்சராத்தி. லிஃப்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த கட்டத்தில் அவள் இல்லை. பிடித்திருந்த கை மட்டும், மணிக்கட்டோடு அறுந்து, அவன் பிடியில் இருக்கிறது. தன்னை அடையாளம் காட்டக்கூடிய ஒரே இரத்த உறவைத் தன் கையாலேயே கொல்லத்தான் தலைவன் அவளை வரவழைத்திருக்கிறான். இங்கே அராகியின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடத்தை வாசகர் தாமே நிரப்பிக்கொள்கிறார். டியாவோலோ குடியிருப்பது அந்த வெள்ளை இடத்தில். திருடப்பட்டது வாசகருடைய நேரமும்தான்.

மறைந்திருந்து ஆள்வது இத்தாலிக்குப் புதிதல்ல. சிசிலி மாஃபியாவின் பெர்னார்டோ ப்ரொவென்சானோ 43 ஆண்டுகள் தலைமறைவாக இருந்தார். போலீஸிடம் இருந்ததோ அவருடைய இளவயதுப் படம். தட்டச்சு செய்த துண்டுச்சீட்டுகளில் உத்தரவுகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் 2006 ஏப்ரலில், சலவைத் துணிப் பொட்டலம் ஒன்று போன வழியைப் பின்தொடர்ந்து கொர்லியோனே அருகே ஒரு பண்ணை வீட்டில் பிடித்தார்கள். அவர் பிடிபட்டது அராகி கதையை முடித்த பிறகு. எனவே அந்தக் கைதைப் பார்த்து அராகி எழுதவில்லை. ஆனால் நிஜத் தலைவருக்குத் துண்டுச்சீட்டு செய்த வேலையைத்தான் கற்பனைத் தலைவனுக்கு டோப்பியோ செய்கிறான்.

டோப்பியோ ஒரு பயந்த பையன். தலைவனின் விசுவாச ஊழியன் என்று தன்னை நம்புகிறவன். உண்மையில் இருவருக்கும் உடம்பு ஒன்று. தலைவன் பேச நினைத்தால் டோப்பியோ தன் வாயாலேயே மணியடித்து, கைக்கு எது கிடைத்தாலும் அதைக் காதில் வைத்துக்கொள்வான். ஐஸ்கிரீமும் தவளையும்கூட டெலிபோன் ஆகின்றன. சிரித்துக்கொண்டே படிக்கும்போது சட்டென்று உறைக்கும்: தன்னிடமிருந்தே ஒளிந்திருக்கும் தலைவன் இவன்.

இந்த மறைவைக் கிழிப்பவன் வீரதீரன் அல்ல, லஞ்சம் வாங்கி வேலை இழந்த முன்னாள் போலீஸ்காரன் அபாக்கியோ. அவனுடைய ஸ்டாண்ட் கடந்ததைத் திரும்ப நடித்துக் காட்டும், அதாவது டியாவோலோ வெட்டி எறிவதைப் பொறுக்கி எடுக்கும். சார்டீனியாக் கடற்கரையில் தலைவனின் இளவயது முகத்தை மீட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லப்படுகிறான். சாகும் தறுவாயிலும் அந்த முகத்தின் அச்சைக் கல்லில் பதித்துவிட்டுப் போகிறான்.

அதை ஒட்டி, உயிர் பிரியும் அபாக்கியோவின் மனக்கண்ணில் ஒரு காட்சி வருகிறது. நொறுங்கிக் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே ஒரு போலீஸ்காரர் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். தாக்குதலுக்குப் பயன்பட்ட பாட்டிலில் ஒட்டியிருக்கக்கூடிய கைரேகை அவருக்கு வேண்டும். கிடைக்காமல் போனால் என்று அபாக்கியோ கேட்கிறான். முடிவை மட்டும் துரத்துகிறவன் குறுக்குவழிக்குப் போய்விடுவான், உண்மையை நோக்கி நடக்கும் மனம்தான் பெரிது என்கிற பொருளில் பதில் சொல்கிறார். ஐந்தாம் பாகம் முழுவதும் இந்த இரண்டு கட்சிகளுக்குள் நடக்கும் வழக்குதான். ரோமின் கொலோசியத்தில் டியாவோலோவை எதிர்கொள்ளும் போல்னாரெஃபும் அந்தப் போலீஸ்காரரின் கட்சியில் நிற்கிறார்: தன் இரத்தத்தைச் சொட்ட விட்டு எண்ணுகிறார். சொட்டுகள் திடீரெனக் கூடியிருந்தால் நேரம் வெட்டப்பட்டிருக்கிறது.

டியாவோலோவுக்கு அராகி கொடுத்த தண்டனையும் இதே கணக்கில் அமைகிறது. கதாநாயகன் ஜியோர்னோவின் புதிய சக்தி அவனை எந்த முடிவையும் எட்டவிடாது, மரணம் உட்பட. டைபர் நதிக்கரையில் போதைக்கு அடிமையான ஒருவன் குத்துகிறான். போதைப்பொருள் விற்றுக் கொழுத்தவனுக்கு இது ஏற்ற தொடக்கம். அடுத்து உயிரோடு பிரேதப் பரிசோதனை மேசையில் கிடக்கிறான். பின்பு நாய் குரைத்ததில் மிரண்டு காரில் அடிபடுகிறான். கடைசியாக ஒரு சிறுமி என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறாள், கிட்டே வராதே என்று அலறுகிறான். முடிவு மட்டும் போதும் என்றிருந்தவனுக்கு இனி வழி மட்டுமே.

அதற்குப் பிறகு கதை, எல்லாம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு நாளுக்குப் போகிறது. யார் சாவார்கள் என்று வாசகருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. பரபரப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றியிருக்கும். ஆனாலும் அந்த அத்தியாயங்களை அராகி விட்டுவிடவில்லை.