கரையைக் காக்கும் கிராம சபை



2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்து, நெல்லும் வாழையும் மூழ்கின. பழுதான கரையோ சாதாரண மழைக்கே உடையும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் பாசனத்தில் எந்த மடை பழுது, எங்கே கரை பலவீனம் என்பதைக் கடைமடைக்காரர் நன்கறிவர். அதைச் சொல்ல ஏற்ற இடம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினரே. நிலமுள்ளவரும் கூலியாளரும், ஆணும் பெண்ணும் அங்கே சமம்.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். கையெழுத்திட்டுத் திரும்பிவிடாதீர்கள். குளத்தின் பெயரையும் பழுதான இடத்தையும் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்குங்கள். நீர்வளத் துறையின் குளமானால் நகலை அத்துறைக்கு அனுப்பச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில், தீர்மானம் என்ன ஆயிற்று என்று தவறாமல் கேளுங்கள்.